மீன் பிடித்தால் பாவமா? மொட்டைமாடிக் கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடி யோகா வகுப்பில் மாதத்தில் ஒரு ஞாயிறு ஆசனம் கிடையாது, பேச்சு மட்டும். இந்த முறை கர்மா. கேள்விகளைச் சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போடச் சொல்லியிருந்தேன். பதஞ்சலியின் யோக சூத்திரத்தையும் அதற்கு வியாசர் எழுதிய உரையையும் வைத்துத்தான் பெரும்பாலும் பதில் சொன்னேன். என் சொந்தக் கருத்து வருகிற இடத்தில் அதையும் சொல்லிவிட்டேன்.

கேள்வி (ஆட்டோ ஓட்டும் அண்ணன்): மாஸ்டர், கர்மான்னா தலையெழுத்துதானே?

இல்லை அண்ணே. தலையெழுத்து யாரோ எழுதுவது, கர்மா நாம் செய்வது. தமிழில் வினை என்று அழகான சொல் இருக்கிறது. செய்து முடித்தாலும் வினை மனத்தில் தடம் விட்டுப் போகிறது. அந்தத் தடங்கள் சேர்ந்து கிடக்கும் கிடங்கைப் பதஞ்சலி கர்மாசயம் என்கிறார். அதற்கு வேர் ஐந்து: அறியாமை, நான் என்னும் எண்ணம், விருப்பு, வெறுப்பு, சாவுபயம். வேர் இருக்கிறவரை கிடங்கில் இருப்பது பிறப்பு, ஆயுள், இன்ப துன்ப அனுபவம் என்று மூன்றாக முளைக்கும். இதற்கு வியாசர் காட்டும் உதாரணம் நெல். உமியோடு இருந்தால் முளைக்கும், உமி போனாலோ வறுபட்டாலோ முளைக்காது. ரேஷன் அரிசியை விதைத்துப் பாருங்கள், என்ன வருகிறதென்று. செய்ததை அழிப்பது யோகத்தின் வேலை அல்ல, அது உமியை நீக்கும் வேலை.

கேள்வி: சிலருக்கு உடனே பலன் வருது, சிலருக்கு வரவே மாட்டேங்குது. ஏன்?

இதற்கும் வியாசரிடமே உதாரணம் இருக்கிறது. ஈரத்துணியை விரித்துப் போட்டால் சீக்கிரம் காயும், சுருட்டி வைத்தால் நாளாகும். வினையிலும் அப்படி இரண்டு வகை. வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கேள்வி (காசிமேட்டுத் தம்பி): எங்க அப்பா, தாத்தா எல்லாரும் கடலுக்குப் போனவங்க. நானும் போட்டுலதான் போறேன். யோகா கத்துக்கிட்டா மீன் பிடிக்கிறது பாவம்னு ஒருத்தர் சொல்லிட்டார். வர்றதை நிறுத்தணுமா?

வகுப்பை நிறுத்த வேண்டாம், தம்பி. உனக்கு ஆச்சரியமாக இருக்கும், அந்த உரையிலேயே மீனவர் வருகிறார். அகிம்சை எங்கும் எப்போதும் எல்லோரிடத்தும் இருந்தால் அது மகாவிரதம் என்று பதஞ்சலி சொல்கிறார். அளவுக்குட்பட்ட அகிம்சைக்கு வியாசர் முதலில் காட்டுவதே மீனவரைத்தான். அவர் மீனைத் தவிர வேறு எதையும் துன்புறுத்துவதில்லை, அதனால் அவருடைய அகிம்சைக்குப் பிறந்த தொழில் எல்லை போடுகிறது என்கிறார். அதை மகாவிரதம் என்று சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் மீனவருக்கு அகிம்சையே கிடையாது என்றும் சொல்லவில்லை. இன்ன நாளில் மட்டும் கொல்ல மாட்டேன் என்பது காலத்தால் அளவுபட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கரையில் நிற்கிற 61 நாள் தடைக்காலம் மீன்வளத்துக்காகச் சட்டம் போட்டது, விரதம் இல்லை. இருந்தாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் நினைவுக்கு வரும்.

இன்னொன்றையும் கேள். தானே செய்தது, பிறரை விட்டுச் செய்வித்தது, செய்ததை ஆமோதித்தது என்று இம்சை மூன்று வகை. ஒவ்வொன்றும் பேராசையால், கோபத்தால், மயக்கத்தால் வரும். அதிலும் லேசு, நடுத்தரம், கடுமை என்று பிரித்து 27 ஆக்கி, அதையும் பெருக்கி 81 என்கிறார் வியாசர். விடியற்காலை துறைமுகத்தில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசி வாங்கிவிட்டு, மீனவனைப் பாவி என்பவரும் இந்தக் கணக்கில் எங்கோ ஒரு கட்டத்தில் இருக்கிறார். உன்னிடம் பேசியவர் மீன் சாப்பிடுவாரா என்று கேட்டாயா?

கேள்வி (வியாசர்பாடியிலிருந்து கல்லூரி மாணவி): கர்மாவோட பலன்ல 'ஜாதி'ன்னு ஒரு வார்த்தை வருதே சார். அப்ப சாதி போன பிறவி வினையா?

இந்தச் சீட்டைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஜாதி என்றால் பிறப்பு. மனிதரா, விலங்கா, தேவரா என்பதுதான் பேச்சு. ஒரே உடம்பில் மாறியவர்களாக வியாசர் சொல்வதும் தேவரான நந்தீசுவரனையும் பாம்பான நகுஷனையும்தான். ஆனால் பழைய நூல்கள் எல்லாமே இப்படி என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன், மா. நல்லொழுக்கத்துக்குப் பிராமணர் முதலான பிறப்பு, இழிந்த ஒழுக்கத்துக்கு நாய், பன்றி, சண்டாளப் பிறப்பு என்று சாந்தோக்கிய உபநிடதத்தின் 5ஆம் அத்தியாயத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது. என் கருத்து இது: அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு இன்று ஒருவர் உன்னைத் தள்ளி உட்காரச் சொன்னால், அங்கே வேலை செய்வது அவருடைய வெறுப்பு. ஐந்து வேரில் அதுவும் ஒன்று என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா? அந்த வினை அவர் கிடங்கில்தான் ஏறும்.

கேள்வி (பெயர் போடாத சீட்டு): என் மகனுக்கு 9 வயசு. இன்னும் பேச்சு வரலை. நான் என்ன பாவம் பண்ணேன்னு மாமியார் வீட்டில் கேட்கிறாங்க.

அம்மா, யோக சூத்திரத்தில் கர்மாசயம் அவரவர் சித்தத்தில் இருப்பது. அம்மாவின் கணக்கைப் பிள்ளை தலையில் எழுதுவதற்கு அந்த நூலில் இடம் கிடையாது. பிறர் துன்பத்தைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த நூலின் முதல் பாதத்தில், அதாவது முதல் பகுதியில், 33ஆம் சூத்திரத்தில் நேராகவே சொல்லியிருக்கிறது: சுகப்படுபவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை. காரணம் துருவிக் கேட்கச் சொல்லவில்லை. இரண்டாம் பாதத்தில், தவிர்க்க வேண்டியது இனி வரப்போகிற துன்பம் என்றும் ஒரு சூத்திரம் இருக்கிறது. உங்களுக்கு அது பேச்சுப் பயிற்சி. இதுவரை போகவில்லை என்றால் இந்த வாரமே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

கேள்வி (எண்ணூர் அக்கா): 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்க ஆத்துல எண்ணெய் வந்துச்சே, அது ஊர்க் கர்மாவா?

ஊருக்கென்று ஒரு சித்தம் கிடையாது அக்கா, அதனால் ஊருக்கென்று ஒரு கிடங்கும் கிடையாது. காசிமேட்டுத் தம்பிக்குச் சொன்ன மூன்றையும் இங்கே வைத்துப் பாருங்கள்: செய்தவர், செய்வித்தவர், சரி போகட்டும் என்று விட்டவர். சேற்றில் கைவிட்டு இறால் தடவிப் பிடிக்கிற நீங்கள் இந்த மூன்றிலும் இல்லை.

கேள்வி: பலனை எதிர்பார்க்காமல் செய்வதுதான் கர்மயோகம்னு சொல்லி, எங்க முதலாளி ஓவர்டைம் காசு தரமாட்டேங்கிறார்.

அது கீதையில் வருவது. பலனில் பற்று வைக்காதே என்று செய்கிறவனுக்குச் சொன்னது, முதலாளிக்குச் சொன்னதில்லை. காசைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: குறளில் ஊழ்தான் வலியதுன்னு இருக்கு. அப்புறம் முயற்சி எதுக்கு?

அது 380ஆம் குறள். சோர்வில்லாமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகிடச் செய்வர் என்று 620இல் வள்ளுவரே சொல்கிறார். இரண்டுக்கும் நடுவில் 239 குறள் இருக்கிறது, படித்துக்கொண்டே வாருங்கள்.

டப்பாவில் இன்னும் ஆறு சீட்டு மிச்சம். அதில் நாலு சனிப்பெயர்ச்சி பற்றி. அதற்கு நான் ஆள் இல்லை. மற்ற இரண்டும் அடுத்த மாதம்.