ஐடி வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக மென்பொருள் எழுதிக் கொடுத்தும் பாடம் எடுத்தும் பிழைக்க முடியுமா?

முடியும். கோவையில் இருந்துகொண்டு சில வருடங்களாக அதைத்தான் செய்துவருகிறேன். அதற்கு முன்னால் சென்னை ஓஎம்ஆரில் ஒரு சர்வீஸ் கம்பெனி, பிறகு சரவணம்பட்டியில் ஒரு ப்ராடக்ட் கம்பெனி என்று ஆபீஸ் வேலைதான்.

எழுதிக் கொடுப்பதையும் பாடம் எடுப்பதையும் சேர்த்தே கேட்டிருக்கிறீர்கள், அது நல்லது. இரண்டில் ஒன்றை மட்டும் நம்பி இறங்கியிருந்தால் இந்நேரம் நான் நௌக்ரி வேலை தேடும் தளத்தில் ரெஸ்யூமேயை அப்டேட் செய்துகொண்டிருப்பேன்.

முதல் காரணம், பணம் வரும் விதம். ப்ராஜெக்ட் பணம் எப்போதும் கடைசியில்தான் வரும். வேலை முடிந்து, டெமோ காட்டி, "இந்த ரிப்போர்ட்ல மட்டும் இன்னொரு கட்டம் சேர்த்துக் குடுங்க" என்பதைப் பலமுறை கேட்டு, பில் அனுப்பி, "முதலாளி ஊர்ல இல்லீங்க" என்ற பதிலையும் வாங்கிக்கொண்ட பிறகு ஒருநாள் வரும். வகுப்புக் கட்டணம் அப்படி இல்லை. முதல் வகுப்புக்கு முன்பே யூபிஐயில் வந்து விழுந்துவிடும். அதனால் வீட்டு வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் வகுப்புப் பணத்தில் ஓடுகிறது. ப்ராஜெக்ட் பணம் வரும்போது வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். அவசரம் இல்லாதவனாகப் பேரம் பேசினால் விலையும் கொஞ்சம் நன்றாகவே படிகிறது.

சீசனும் ஒத்துப்போகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை மெயிலுக்குப் பதிலே போடமாட்டார்கள். இங்குள்ள முதலாளிகள் மார்ச் கடைசியில் கணக்கு முடிப்பதில் மூழ்கியிருப்பார்கள். தீபாவளி போனஸ் நேரத்தில் புது மென்பொருள் என்று வாயைத் திறக்கவே முடியாது. அந்த இடைவெளிகளில் மாணவர்களுக்கு ஒரு பேட்ச் வகுப்பு போட்டுவிடுவேன். செமஸ்டர் தேர்வு முடிந்த மாணவர்கள் எப்படியும் கிடைப்பார்கள்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரியது. வேலை செய்யாமல் பாடம் மட்டும் எடுப்பவரின் பாடம் இரண்டு வருடத்தில் ஊசிப்போகும். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் யூனிட்டுக்கு ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலை) கணக்கு மென்பொருள் செய்து கொடுத்தேன். அங்கே நூல் ஒரு இடத்துக்கு நிட்டிங் போகும், துணி ரோலாகி இன்னொரு இடத்துக்கு டையிங் போகும், அப்புறம் துணி சுருங்காமல் இருக்கக் காம்பாக்டிங். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு டிசி, அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலான், போட்டு எடை குறித்து அனுப்புவார்கள். திரும்பி வரும்போது எடை குறைந்திருக்கும். அது பிராசஸ் லாஸ். அனுப்பிய எடையும், வந்த எடையும் லாஸும் சேர்ந்த கணக்கும் சரியாக வந்தால் அந்த டிசியை மூடிவிடலாம். முன்பு யாரோ எழுதிக் கொடுத்த மென்பொருள் ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதில் சில டிசிகள் மட்டும் மூடவே மாட்டேன் என்றன. நிலுவை 0.000 கிலோ என்று திரையில் காட்டும், ஆனாலும் நிலுவைப் பட்டியலை விட்டுப் போகாது. "ஏனுங்க தம்பி, ஒண்ணுமில்லாத நிலுவைய எவன்கிட்ட போய் நான் வசூல் பண்றது?" என்று முதலாளி கேட்டார். கணக்குப் பார்க்கும் அக்கா இதை நம்பாமல் தனியாக ஒரு நோட்டே போட்டு வைத்திருந்தார்.

உள்ளே போய்ப் பார்த்தால் எடையை ஃப்ளோட்டாக, அதாவது கம்ப்யூட்டர் தோராயமாக வைத்துக்கொள்ளும் தசம எண்ணாக, சேமித்திருந்தார்கள். பைத்தானைத் திறந்து 0.1 + 0.2 என்று அடித்துப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். 0.1 என்ற எண்ணைப் பைனரியில் முழுசாக எழுத முடியாது என்பதால் வரும் சிக்கல் இது. அந்தக் கடைசித் துணுக்கு மிச்சமிருப்பதால் நிலுவை பூஜ்யமா என்று கேட்டால் கம்ப்யூட்டர் இல்லை என்கிறது. என் மென்பொருளில் எல்லா எடையையும் கிராமாக்கி முழு எண்ணாகச் சேமித்தேன். சிக்கல் தீர்ந்தது.

இந்த 0.1 + 0.2 விவகாரம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வகுப்பில் அப்படியே காட்டினால் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். டிசி எப்படி மூடாமல் நின்றது, அக்கா ஏன் நோட்டு போட்டார் என்று சொல்லிவிட்டுக் காட்டினால் மறப்பதில்லை. பணத்தைப் பைசாவாகச் சேமிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்பே யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். ஆபீஸில் இருந்தபோது எனக்கு இப்படி ஒரு கதை கிடைத்ததே இல்லை. அங்கே வேலைகளைப் பட்டியலிடும் ஜிராவில் வரும் டிக்கெட்டுக்குப் பின்னால் எந்த அக்கா இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார் என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். எனக்குப் பெரும்பாலும் வகுப்பிலிருந்துதான். அந்தத் திருப்பூர் யூனிட், என்னிடம் படித்த ஒரு பையனின் சித்தப்பாவுடையது. ஃப்ரீலான்ஸ் வேலை பிடித்துத் தரும் அப்வொர்க் தளத்திலும் கொஞ்ச காலம் இருந்தேன். 2023இல் அவர்கள் கமிஷனை ஒரே சீராக 10% என்று ஆக்கினார்கள், 2025இல் அதையும் மாற்றிவிட்டார்கள். அதைவிட, உலகம் முழுவதும் இருப்பவர்களோடு விலையில் மோதுவதுதான் சலிப்பு தரும். வீடியோ பாடம் விற்கும் யூடெமி தளத்தில் பாடம் போடுங்கள் என்று பலர் சொல்வார்கள். நம் கூப்பன் வழியாக வந்து வாங்கினால் 97% நமக்கு. அந்தத் தளமே தேடல் வழியாக விற்றுக் கொடுத்தால் 37%தான். அதுவும் பாதி நாள் ஐந்நூறு ரூபாய்க்குள் ஆஃபரில் போகும். அதை மாதச் சம்பளத்துக்கு மாற்றாக நினைக்காதீர்கள்.

தமிழில் பாடம் எடுத்தால் காசு கொடுப்பார்களா என்று நண்பர்கள் சந்தேகப்பட்டார்கள். கணியம் அறக்கட்டளை போன்றவர்கள் நல்ல தொழில்நுட்பப் பாடங்களைத் தமிழில் இலவசமாகவே தருகிறார்கள். யூடியூபிலும் கொட்டிக் கிடக்கிறது. என்னிடம் வருபவர்கள் பாடத்துக்காகக் காசு கொடுப்பதில்லை. எர்ரர் வந்து ராத்திரி பத்து மணிக்கு முழி பிதுங்கும்போது, அவர்கள் திரையைப் பார்த்து "அந்த நாலாவது வரியைப் படிங்க" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் கட்டணம். அதனால் பேட்ச் பெரிதானால் என் வேலை கெட்டுவிடும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் திரையைப் பார்க்க முடியுமோ அத்தனை பேரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சாட்ஜிபிடி வந்த பிறகு இது குறையும் என்று பயந்தேன், கூடத்தான் செய்தது. ஓடுகிற ப்ரோக்ராமோடு வருகிறார்கள், அது ஏன் ஓடுகிறது என்று தெரிவதில்லை. இப்போது நான் கொடுக்கும் பயிற்சியே வேறு: அவர்கள் கொண்டுவந்த ப்ரோக்ராமில் ஒரு வரியை எடுத்துவிடுவேன், ரன் செய்யாமல் என்ன உடையும் என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் வகுப்பே மௌனமாக இருக்கும். வாடிக்கையாளர்கள் பக்கம்தான் தொல்லை. "ஏஐயே எழுதிடுமாமே, எதுக்குங்க இவ்வளவு?" என்று கேட்கிறார்கள். எழுதட்டும். எந்த டிசியை எப்போது மூடலாம் என்பதை அந்த அக்காவிடம் உட்கார்ந்து கேட்டு வருவதற்குத்தான் என் பில்.

இனி கணக்கு வழக்கு. சலிப்பான பகுதி, ஆனால் ராஜினாமா செய்வதற்கு முன்பே பார்க்க வேண்டியது இதைத்தான்.

மருத்துவக் காப்பீடு முதலில். கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். சொந்தப் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். ஆகவே வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், அந்தக் கடிகாரம் இப்போதே ஓடத் தொடங்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது ஓர் ஆறுதல்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) வேண்டுமென்றால் ஐந்து வருடம் முடியட்டும். மாத அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 1.15 லட்சம் வரும். நாலே கால் வருடத்தில் ரோஷப்பட்டு வெளியே வந்தவர்களை எனக்குத் தெரியும். வீட்டுக் கடன் எண்ணம் இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வாங்குங்கள். சுயதொழில் என்றதும் வங்கிக்காரர் இரண்டு மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன் கேட்பார்.

வருமான வரியில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. 44ஏடிஏ என்று நாம் பழகிய பிரிவு. 2026 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் எண் மாறினாலும் ஏற்பாடு தொடர்கிறது. தகவல் தொழில்நுட்பத் தொழில் செய்பவர், வருட வரவு 75 லட்சத்துக்குள் இருந்து, ரொக்கமாக வாங்கியது 5%ஐத் தாண்டாவிட்டால், வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம். செலவுக்கு ரசீது சேர்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், 24 லட்சம் வரவு வந்தாலும் வரி பூஜ்யம் என்று ஆகிறது. பெரிய கம்பெனிகள் நம் பில்லில் 10% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துவிட்டுத்தான் தருவார்கள். ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும். ஆனால் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், வகுப்புக் கட்டணத்துக்கும் 18% சேர்த்து வாங்க வேண்டும். வெளிநாட்டு பில்லுக்கு எல்யூடி என்ற உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்துவிட்டால் ஜிஎஸ்டி இல்லாமலே போடலாம். முதல் வருடமாவது ஓர் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து அந்த எண்ணைப் பில்லில் போடுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால், பணத்தைக் கொடுக்கும் வருடம் வரை வாடிக்கையாளர் அதைத் தன் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. எனக்கு வர வேண்டிய பாக்கி ஒன்று மார்ச் மாதம் சட்டென்று வந்தது. அந்த வாடிக்கையாளருக்கு அவருடைய ஆடிட்டர் போன் செய்திருக்கிறார். அதற்காக அட்வான்ஸை விட்டுவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு வராமல் நான் லேப்டாப்பைத் திறப்பதில்லை.

வேலையில் இருந்துகொண்டே ரகசியமாகத் தொடங்கலாமா என்றால், உங்கள் ஆபர் லெட்டரை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். 2022இல் விப்ரோ இந்த மாதிரி இரட்டை வேலை பார்த்ததாக 300 பேரை வெளியே அனுப்பியதாக அறிவித்தது. வார இறுதியில் பாடம் எடுக்க மெயிலில் அனுமதி கேட்டால் பல இடங்களில் தருகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

வீட்டு விஷயம்: சட்டை போட்டு வண்டி எடுத்துக் கிளம்பாதவனை நம் ஊரில் வேலைக்குப் போகிறவன் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. "வீட்லதானே கண்ணு இருக்க" என்று ஆரம்பித்து கரண்ட் பில், ரேஷன், பெரியம்மாவின் ஆதார் அப்டேட் எல்லாம் என் தலையில். வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தேன். காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போகிறேன், தொல்லை நின்றது.

ஆபீஸில் இருந்த ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. என் ப்ரோக்ராமைப் படித்துவிட்டு "இது ஏன் இப்படி?" என்று முகத்துக்கு நேராகக் கேட்கும் சீனியர். வாடிக்கையாளருக்கு ப்ரோக்ராம் படிக்கத் தெரியாது, மாணவர்கள் மரியாதையில் கேட்கமாட்டார்கள். யார் வேண்டுமானாலும் பங்களிக்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்களுக்குத் திருத்தங்கள் அனுப்பிக் கொஞ்சம் சமாளிக்கிறேன். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் தயவு தாட்சண்யம் இல்லாமல் திருப்பி அனுப்புவார். நல்ல விஷயம்தான். ஆனால் நாலைந்து வருட அனுபவத்துக்குள் இருப்பவர்களுக்கு இது போதாது. அவர்கள் இன்னும் கொஞ்ச காலம் ஆபீஸிலேயே திட்டு வாங்கிவிட்டு வருவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சரி, ஒத்துவரவில்லை என்றால் திரும்பப் போக முடியுமா? போகலாம். என்னோடு வெளியே வந்த ஒருவர் திரும்பப் போய்விட்டார். இன்டர்வியூவில் இடைவெளியைப் பற்றிக் கேட்டார்களாம். வருமான வரி ரிட்டர்னையும், வாடிக்கையாளர் கொடுத்த கடிதத்தையும், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளையும் காட்டியிருக்கிறார். முன்பு வாங்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை பேட்ச் ஒன்றை மட்டும் அவர் இன்னும் விடவில்லை. சேரும்போதே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டார்.