பைக் இன்ஜின்ல டெக் ஹைட் எவ்வளவு வைக்கணும்? கம்ப்ரஷன் ரேஷியோ எப்படி கணக்கு போடுறது?

வேற பிஸ்டன் போட்டு இன்ஜின் கட்டப் போறீங்க, கம்ப்ரஷன் 9 வரணும், அதுக்கு டிடிசில, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வந்து நிக்கும்போது, அது சிலிண்டர் மேல் விளிம்புல இருந்து எவ்வளவு கீழ நிக்கணும்னு (அதுதான் டெக் ஹைட்) கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா டெக் ஹைட்டை வச்சு கம்ப்ரஷனைப் பிடிக்கப் போகாதீங்க, முதல்ல ஸ்க்விஷைப் பிடிங்க. கம்ப்ரஷனை அப்புறமா ஹெட் சேம்பர்ல (ஹெட்டுல கலவை எரியற குழி) சரி பண்ணிக்கலாம்.

ஸ்க்விஷ்னா ஹெட்டோட தட்டையான ஓரத்துக்கும் பிஸ்டனோட ஓரத்துக்கும் நடுவுல டிடிசில மிச்சம் இருக்கிற இடைவெளி. டெக் ஹைட்டையும் டைட் பண்ணின பிறகு ஹெட் கேஸ்கட் நிக்கிற தடிமனையும் கூட்டினா அது வந்துடும். பிஸ்டன் மேல வரும்போது அந்த ஓரத்துல இருக்கிற கலவை நசுங்கி நடுவுக்கு, பிளக் பக்கம் பீறிட்டு ஓடும், அதனால எரியறது வேகமா நடக்கும், ஓரத்துல மாட்டிக்கிட்டு தானா பத்திக்கிற கலவையும் ரொம்பக் குறையும், நாக்கிங் (அப்படித் தானா பத்தி இன்ஜின் தட்டுறது) தள்ளிப் போகும். ரோட்டுல ஓட்டுற ஸ்டீல் கனெக்டிங் ராடு வச்ச ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 0.8ல இருந்து 1 எம்எம் வரைக்கும் நல்லா இருக்கும். 0.7க்குக் கீழ போனா அதிக ஆர்பிஎம்ல ராடு நீளறது, பேரிங் கிளியரன்ஸ், பிஸ்டன் ஆடுறது எல்லாம் சேந்து பிஸ்டன் ஹெட்டைத் தொட்டுடலாம். 1.5ஐத் தாண்டினா ஸ்க்விஷால பெருசா பிரயோஜனம் இல்ல.

இப்ப கணக்குக்கு வருவோம். போர் (சிலிண்டரோட குறுக்களவு) 70 எம்எம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 90 எம்எம், தட்டைத் தலை பிஸ்டன்னு வச்சுக்கலாம். ஒரு ஸ்ட்ரோக்குல பிஸ்டன் தள்ளுற கொள்ளளவு 346.4 சிசி. டிடிசில மேல மிச்சம் இருக்கிற இடம் எவ்வளவுன்னு பாக்கணும். ஹெட் சேம்பர் 39 சிசி, கேஸ்கட் 1 எம்எம், அதோட ஓட்டை 72 எம்எம், அது 4.07 சிசி (கேஸ்கட் ஓட்டை வழக்கமா போரை விடக் கொஞ்சம் பெருசா இருக்கும், அந்த அளவைத்தான் போடணும்). பிஸ்டன் 0.8 எம்எம் கீழ நிக்குதுன்னா அது 3.08 சிசி. மொத்தம் 46.15. 346.4ஐயும் 46.15ஐயும் கூட்டி 46.15ஆல வகுத்தா 8.5 வருது, அதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ. ஸ்க்விஷ் 1.8, அதாவது தண்டம்.

இதே இன்ஜின்ல சிலிண்டரை 0.8 எம்எம் இறக்கி பிஸ்டனை விளிம்புக்கு நேரா கொண்டு வந்தா மேல 43.07 சிசிதான் மிச்சம், கம்ப்ரஷன் 9.04, ஸ்க்விஷ் சரியா 1 எம்எம். அதுக்குப் பதிலா பிஸ்டனை அங்கேயே விட்டுட்டு ஹெட்டை மட்டும் லேத்ல சீவி அதே 3.08 சிசியைக் குறைச்சாலும் 9.04தான் வரும், பேப்பர்ல ரெண்டும் ஒண்ணு, ஆனா ரெண்டாவது இன்ஜின் அதே பெட்ரோல்ல சீக்கிரம் நாக் அடிக்கும், இதனாலதான் ரேஷியோ நம்பரை மட்டும் வச்சுப் பேசுறதுல எனக்கு உடன்பாடு இல்ல. சேம்பரோட வாய் போர் அளவுக்கே அகலமா, ஸ்க்விஷ் ஓரமே இல்லாத பழைய மாடல் ஹெட்னா இந்தப் பேச்சுக்கு வேலை இல்ல, எங்க குறைச்சாலும் ஒண்ணுதான்.

இன்னொரு குறுக்கு வழி இருக்கு, இது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரேஷியோல ஒண்ணு குறைச்சு, அதால ஸ்ட்ரோக்கை வகுங்க. மேல மிச்சம் இருக்கிற இடத்தை போர் அளவு குழாயா நினைச்சா அதோட உயரம் வரும். 8.5க்கு 90ஐ 7.5ஆல வகுத்தா 12 எம்எம். 9க்கு 90ஐ 8ஆல வகுத்தா 11.25. வித்தியாசம் 0.75 எம்எம், அவ்வளவுதான் சிலிண்டரை இறக்க வேண்டியது. போர் அளவே தேவைப்படல பாத்தீங்களா! இதுல இன்னொரு விஷயமும் தெரியுது, ஸ்ட்ரோக் 49.5 எம்எம்னு சின்னதா இருந்தா 9ல அந்த உயரம் 6.19 எம்எம்தான், அதனால அங்க 0.1 எம்எம் தப்பா அளந்தா, 90 ஸ்ட்ரோக் இன்ஜின்ல நகர்றதை விட ரேஷியோ கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு அதிகமா நகரும். சின்ன இன்ஜின்ல அளவு இன்னும் கறாரா இருக்கணும். ஆனா இந்தக் குறுக்கு வழி சிலிண்டரை இறக்கும்போதுதான் சரி. ஹெட்டைச் சீவினா சேம்பர் வாயோட பரப்பை வச்சுத்தான் போடணும்.

அளக்கிறதுலதான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. சிலிண்டரை சும்மா உக்கார வச்சு அளக்கக் கூடாது, பேஸ் கேஸ்கட் போட்டு, ஹெட்டுக்குப் பதிலா ஸ்டட்ல புஷ் வச்சு, சரியான டார்க்ல இறுக்கின பிறகுதான் டயல் கேஜ் வைக்கணும், ஏன்னா பேஸ் கேஸ்கட் நசுங்கும். கேஜை பிஸ்டன் பின் இருக்கிற கோட்டுக்கு நேரா மேல வைங்க, முன்னாடியோ பின்னாடியோ வச்சா பிஸ்டன் ஆடுறது அளவுல கலந்துடும். கடைசியா 2 எம்எம் ஈய வயரை, அதான் சால்டர், அதே கோட்டுல ரெண்டு பக்கமும் கிரீஸ் வச்சு ஒட்டி, ஹெட்டை முழுசா டைட் பண்ணி, கையால மெதுவா ஒரு சுத்து சுத்தி, எடுத்து மைக்ரோமீட்டர்ல பாருங்க. கணக்கும் வயரும் ஒத்துப் போகலைன்னா வயரை நம்புங்க.

சேம்பருக்கு, வால்வும் பிளக்கும் மாட்டின ஹெட் மேல ஓட்டை போட்ட அக்ரிலிக் தகடை கிரீஸ் வச்சு ஒட்டி, ப்யூரெட்ல மண்ணெண்ணெய் விட்டு அளங்க, குமிழி நிக்க விடாதீங்க. பிஸ்டன் தலை மேடா இருந்தா பிஸ்டனை விளிம்புல இருந்து சரியா 10 எம்எம் இறக்கி இதே மாதிரி ரொப்புங்க. 70 போர்ல 38.5 சிசி பிடிக்கணும், 33.5தான் பிடிச்சதுன்னா மேடு 5 சிசி, அதை மேல இருக்கிற இடத்துல இருந்து கழிச்சுடுங்க.

சிலிண்டரை இறக்கினா கேம் செயின் இன்ஜின்ல கேம் டைமிங் கொஞ்சம் பின்வாங்கும். 34 பல், 6.35 எம்எம் பிட்ச் கேம் ஸ்ப்ராக்கெட்ல 0.8 எம்எம் இறக்கத்துக்கு கிராங்க்ல ரெண்டரை டிகிரிக்கு மேலயே போயிடும், அதனால ஸ்லாட் போட்ட ஸ்ப்ராக்கெட் வச்சு சரி பண்ணிக்கிறது நல்லது. புஷ் ராடு இன்ஜின்னா ராடு நீளத்தைப் பாக்கணும்.

கம்ப்ரஷன் கேஜ்ல வர்றதை இந்த 9.04ஓட நேரா ஒப்பிடாதீங்க. இன்டேக் வால்வு பிடிசிக்கு (பிஸ்டன் அடியில வந்து நிக்கிற இடம்) அப்புறம் கிராங்க் 60 டிகிரி சுத்தினதும் மூடுதுன்னா 90 எம்எம்ல சுமார் 72தான் உண்மையா அழுத்துது, அப்ப ரேஷியோ 7.5 கிட்டத்தான். நீளமான டியூரேஷன் கேம், அதாவது வால்வை அதிக நேரம் திறந்து வைக்கிற கேம் போட்டா இன்னும் குறையும், அதுக்குத்தான் ரேஸ் கேமோட அதிக ரேஷியோ வைக்கிறாங்க.

கடைசியா மூடுறதுக்கு முன்னாடி பிஸ்டன்ல வால்வு பள்ளத்துல களிமண் வச்சு, ஹெட்டை மாட்டி, கிராங்கை ரெண்டு முழுச் சுத்து சுத்திப் பாத்துடுங்க. நசுங்கின களிமண்ணோட தடிமன் இன்டேக் பக்கம் 1 எம்எம்முக்கும், எக்ஸாஸ்ட் பக்கம் 1.5க்கும் குறைஞ்சா பள்ளத்தை ஆழமாக்கணும், அப்படி வெட்டி எடுக்கிற அளவு மேல இருக்கிற இடத்தோட சேரும், அதனால ரேஷியோவை மறுபடி ஒரு தடவை போட்டுக்குங்க.