வாசல் கதவுப் பூட்டை மாற்றணும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது: எதை வாங்கலாம்?

கதவுக்குள் பதித்த பூட்டா? அப்படியானால் முழுசாக மாற்ற வேண்டியதே இல்லாமல் போகலாம். சாவி நுழைகிற பித்தளை உருளைதான் சிலிண்டர். ஒரு சாவி தொலைந்ததுதான் பிரச்சினை, பூட்டின் நாக்கு ஒழுங்காக ஓடுகிறது என்றால், கதவு விளிம்பில் சிலிண்டருக்கு நேராக இருக்கும் நீள ஸ்குருவைக் கழற்றி, இருக்கிற சாவியைப் போட்டு லேசாகத் திருப்பி இழுங்கள், சிலிண்டர் கையோடு வந்துவிடும். அதையே கடைக்குக் கொண்டுபோய் அதே நீளத்தில் வாங்குங்கள். கதவின் மேல் சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தகட்டுக்கு வெளியே அது துருத்திக்கொண்டு நின்றால் திருடர்கள் குறடால் பிடித்து உடைத்துவிடுவார்கள், அதனால் நீளத்தில் அலட்சியம் வேண்டாம்.

தொங்கு பூட்டு என்றால் லீவர் எத்தனை என்று கேளுங்கள். லீவர் என்பது உள்ளே அடுக்கியிருக்கும் சின்னத் தகடு. ஒரே ரோட்டில் வரிசையாக ஆறு ரயில்வே கேட் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், ஆறும் திறந்தால்தான் வண்டி நகரும். அதுபோல ஒவ்வொரு தகட்டையும் சாவி அதனதன் உயரத்துக்குச் சரியாகத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும். தகடு கூடக் கூட வேறு சாவி பொருந்துவது கஷ்டம்.

அப்புறம், கதவு நிலையில் நாக்கு போய் உட்காரும் தகட்டைப் பாருங்கள். அரை இஞ்ச் ஸ்குருவில் நின்றால் ஒரு உதையில் பெயர்ந்துவிடும். மரத்துக்குள் ஆழமாக இறங்கும் நீள ஸ்குரு போடுங்கள், செலவு சொற்பம்.

கனமான பூட்டு போட்டாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் நாதாங்கி மெல்லிசாக இருந்தால் பூட்டைத் தொடாமலே கடப்பாரையால் அதை நெம்பிவிடலாம்.