அட்வான்ஸ் திரும்ப வருமா அக்கா?

கேள்வி: அக்கா, நாங்க நாலு பசங்க பொத்தேரில வீடு எடுத்து தங்கிப் படிக்கிறோம், ரெண்டு வருஷம் ஆச்சு. வாடகை 16,000, அட்வான்ஸ் 80,000. ஃபைனல் இயர் முடியுது, ரெண்டு மாசத்துல காலி பண்றோம்னு ஓனர்கிட்ட சொன்னோம். பெயின்டிங்குக்கு 25,000 புடிச்சுக்குவேன், மிச்சம் அடுத்த ஆள் குடி வந்தப்பறம்தான்ங்கறார். அக்ரிமென்ட்ல பெயின்டிங்னு ஒரு வார்த்தை கூட இல்ல. என்ன பண்றது?
– ஒரு மாணவர், பொத்தேரி

பதில்: தம்பி, முதல்ல பயப்படாதீங்க, பக்கத்துல எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்லி விட்டும் குடுத்துடாதீங்க. 2017ல போட்டு 2019 பிப்ரவரி 22லேர்ந்து அமல்ல இருக்கற தமிழ்நாடு வாடகைச் சட்டம் இதுல தெளிவா இருக்கு. காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள அட்வான்ஸ திருப்பித் தரணும், நீங்க வச்ச பாக்கி எதாவது இருந்தா மட்டும் கழிச்சுக்கலாம். அடுத்த ஆள் வர்றதுக்கும் உங்க காசுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தச் சட்டத்தோட பின்னாடி ஒரு பட்டியல் இருக்கு, யார் எந்த ரிப்பேர் பண்ணணும்னு, அதுல வெள்ளையடிக்கறது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், பைப் மாத்தறது, வயரிங் இதெல்லாம் ஓனர் கணக்கு, குழாய் வாஷர், ஸ்விட்ச், ஒடஞ்ச கண்ணாடி, அடைச்ச ட்ரெயினேஜ் இதெல்லாம் உங்க கணக்கு. அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதியிருந்தா அதுதான் நிக்கும், உங்களுதுல எழுதல, அதனால தைரியமா பேசலாம். ஆனா செவுத்துல ஆணி அடிச்சு பேத்து வச்சிருந்தா அது சாதாரண தேய்மானம் இல்ல, அத நீங்களே சரி பண்ணிடுங்க, ஒரு கொத்தனார ஒரு நாள் கூப்பிட்டா முடிஞ்சுது.

நீங்க எழுதினதுல எனக்கு சந்தோஷமான விஷயம் இன்னும் ரெண்டு மாசம் கையில இருக்கறதுதான். அந்த ரெண்டு மாச வாடகைய அட்வான்ஸ்லயே கழிச்சுக்கங்க சார்னு இன்னிக்கே கேளுங்க, சென்னைல நிறைய ஓனருங்க ஒத்துக்குவாங்க, அப்ப அவர்கிட்ட நிக்கறது 48,000 மட்டும்தான். அவர் சரின்னதும் அத வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்டு வச்சுக்கங்க. ஒத்துக்கலேன்னா வாடகைய நிறுத்தாதீங்க, அப்பறம் பாக்கிக்காரன் நீங்கன்னு ஆயிடும். உங்க அக்ரிமென்ட் அந்தச் சட்டப்படி இருக்கற வாடகை அதிகாரிகிட்ட பதிவு ஆயிருக்கான்னும் பாருங்க, பதிவு இல்லேன்னா அந்த பேப்பர நம்பி அங்க போய் நிக்கறது கஷ்டம், பேசித்தான் வாங்கணும்.

நான் படிக்கறப்ப திருவான்மியூர்ல மூணு பொண்ணுங்க ஒரு மாடி வீட்டுல இருந்தோம், குடி போன அன்னிக்கே பாத்ரூம் டைல்ஸ் கீறி இருந்துச்சு, யாரும் கவனிக்கல, காலி பண்றப்ப அத எங்க தலைல கட்டி ஒரு மாச வாடகைய புடிச்சுட்டாங்க, ஒரு போட்டோ இருந்திருந்தா பேசியிருப்போம். இன்னிவரைக்கும் அது எனக்கு ஆறல. அதனால இத படிக்கற ஜூனியர் பசங்களுக்கும் சேத்தே சொல்றேன், சாவி வாங்கின அன்னிக்கே சாமான் எறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரூமா வீடியோ எடுத்து ஓனருக்கே அனுப்பிடுங்க.

கேள்வி: எங்க ஓனர் கரண்ட்டுக்கு யூனிட் 10 ரூபா வாங்கறார். அரசாங்கம் 100 யூனிட் ஃப்ரீ குடுக்குதே, அது எங்களுக்கு கிடையாதா?
– ஒரு மாணவி, தாம்பரம்

பதில்: உங்க போர்ஷனுக்கு தனி சர்வீஸ் நம்பர் இருக்கா, இல்ல சப் மீட்டரான்னு மொதல்ல பாருங்கம்மா. தனி நம்பர்னா ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்ற பில்லுல முதல் 100 யூனிட் கழிஞ்சுதான் வரும், அந்த நம்பர வாங்கி ஆன்லைன்ல நீங்களே கட்டிடுங்க, ஓனருக்கு யூனிட் கணக்கு எதுக்கு? சப் மீட்டர்னா மொத்த பில்டிங்குக்கும் ஒரே இணைப்பு, ஒரே 100 யூனிட், அதுவும் மொத்தம் 500 தாண்டினா ரேட் ஏறிடும், அதனால 10 ரூபாங்கறது முழுக்க அநியாயம்னும் சொல்ல முடியாது, பில்ல காட்டுங்க பங்கு போட்டுக்கலாம்னு கேளுங்க. கேக்கறது தப்பே இல்ல.

கேள்வி: பொண்ணுக்கு இந்த வருஷம் காலேஜ். ஆப்ல ஒரு வீடு பாத்தோம், வாடகை ரொம்ப கம்மி. ஓனர் மிலிட்டரில இருக்காராம், இப்ப வர முடியாது, டோக்கன் 5,000 அனுப்புங்கன்னு க்யூஆர் கோட் அனுப்பியிருக்கார். அனுப்பலாமா?
– ஒரு அம்மா, திண்டிவனம்

பதில்: அனுப்பாதீங்கம்மா, தயவுசெஞ்சு அனுப்பாதீங்க. மிலிட்டரி ஐடி கார்டு காட்டி டோக்கன் கேக்கறது ரொம்ப நாளா நடக்கற ஏமாத்து வேலை. வீட்ட நேர்ல பாத்து, வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் யார் பேர்ல இருக்குன்னு பாத்து, அதே பேர்ல இருக்கற அக்கவுன்ட்டுக்கு மட்டும் காசு போடுங்க. ஏற்கனவே அனுப்பிட்டீங்கன்னா இப்பவே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணுங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்க. தனி வீடு வேணாம், லேடீஸ் ஹாஸ்டலே போதும்னு தோணிச்சுன்னா பெண்கள் ஹாஸ்டல்களுக்குன்னு இருக்கற 2014 தமிழ்நாடு சட்டப்படி கலெக்டர்கிட்ட வாங்கின லைசென்ஸ் இருக்கான்னு கேட்டுட்டு சேருங்க, இருக்கறவங்க எடுத்துக் காட்டுவாங்க.