‘அஸ்பயர்’ பக்கத்தில் ‘ஃபார்’ போட்டது யார்?

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பி.எஸ்ஸி. அக்ரி முடித்தவர். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க எஸ்.ஓ.பி. (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ், அதாவது ஏன் படிக்க விரும்புகிறோம் என்று எழுதித்தரும் கட்டுரை) தயாரிக்கிறார். முதல் வரியை ‘ஐ ஆம் அஸ்பயரிங் டு பிகம் எ ரைஸ் சயின்டிஸ்ட்’ என்று அவரே எழுதியிருந்தாராம். திருத்தித் தருகிறேன் என்று 1,500 ரூபாய் வாங்கிக்கொண்ட ஸ்போக்கன் இங்கிலீஷ் மாஸ்டர், நடுவில் இருந்த ‘டு பிகம்’ இரண்டையும் அடித்துவிட்டு மேலே நீல மையில் ‘ஃபார்’ என்று எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை வாசகி ஜெராக்ஸ் எடுத்தும் அனுப்பியிருக்கிறார். சித்தப்பா மகன் ‘ஆஃப்டர்’தான் என்று அடித்துச் சொல்கிறானாம். எது சரி ஐயா என்று கேட்கிறார்.

அம்மா, நீங்கள் எழுதிய ‘டு’தான் சரி. மாஸ்டர் திருத்தியபடி அனுப்பியிருந்தால் என்ன அர்த்தம் வரும் தெரியுமா? ‘பிகம்’ போய்விட்டதால் ‘ஆக வேண்டும்’ என்பதே போய்விட்டது. ஒரு நெல் விஞ்ஞானி வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் மாப்பிள்ளை பார்க்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

‘அஸ்பயர்’ என்றால் லட்சியமாக ஆசைப்படுவது. அது வந்தால் அடுத்து ‘டு’. அதற்குப் பின்னால் வினை வரலாம், பெயரும் வரலாம். ‘ஷி அஸ்பயர்ஸ் டு லீட்’ என்றாலும் சரி, ‘ஷி அஸ்பயர்ஸ் டு லீடர்ஷிப்’ என்றாலும் சரி. வினை வந்தால் மொட்டையாக வரவேண்டும். ‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ’ என்று கடிதம் முடித்துப் பழகிய கை, இங்கேயும் ‘டு பிகமிங்’ என்று எழுதப் பார்க்கும். விடாதீர்கள். ‘ஆஃப்டர்’ பழைய புத்தகங்களில் உண்டு. தம்பி அதைப் படித்திருந்தால் சந்தோஷம், நீங்கள் எழுத வேண்டாம்.

‘ஃபார்’ எங்கிருந்து வந்தது? நம் ‘கு’விலிருந்து. ‘பதவிக்கு ஆசைப்படுகிறான்’ என்கிறோம். அந்தக் ‘கு’வை இங்கிலீஷில் ‘டு’ என்றும் சொல்லலாம், ‘ஃபார்’ என்றும் சொல்லலாம், இடத்தைப் பொறுத்தது. ‘எனக்கு வாங்கினான்’ என்றால் ‘ஃபார் மீ’, ‘எனக்குக் கொடுத்தான்’ என்றால் ‘டு மீ’. ஆசை என்றதும் நமக்கு முதல் வகைதான் மனதில் வருகிறது. போதாததற்கு, பெயர்ச்சொல்லான ‘அஸ்பிரேஷன்’ பக்கத்தில் ‘ஃபார்’ தாராளமாக வரும். அதைப் பார்த்துவிட்டு வினைக்கும் ஒட்டவைத்துவிடுகிறார்கள். பேப்பரிலேயே ‘அஸ்பயர் ஃபார்’ வருகிறதே என்பீர்கள். பேப்பரில் எவ்வளவோ வருகிறது.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. உங்கள் எஸ்.ஓ.பி.யின் மூன்றாவது பத்தியில் நீங்களே விழுந்திருக்கிறீர்கள், மாஸ்டர் கண்ணில் அது படவே இல்லை. ‘தி டிகிரி ஐ அஸ்பயர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ‘அவன் அந்த வேலைக்கு ஆசைப்படுகிறான்’. இதைத் திருப்பிப் போட்டால் ‘அவன் ஆசைப்படும் வேலை’. ‘கு’ எங்கே போனது? தமிழில் பெயரெச்சமாக மாற்றினால் வேற்றுமை உருபு உதிர்ந்துவிடும். ‘வீட்டில் இருக்கிறான்’ என்பது ‘அவன் இருக்கும் வீடு’ ஆகும்போது ‘இல்’ காணாமல் போவதும் இப்படித்தான். யாரும் சொல்லித்தராமலே நாம் சரியாகச் செய்கிறோம். இங்கிலீஷ் அப்படி உதிர்க்காது. ‘தி ஹவுஸ் ஹி லிவ்ஸ் இன்’ என்று கடைசியில் ‘இன்’னைத் தொங்கவிட்டுத்தான் ஆகவேண்டும். அதேபோல ‘தி டிகிரி ஐ அஸ்பயர் டு’. வாக்கியம் பாதியில் நின்றது போலத் தோன்றும், பரவாயில்லை. கடைசியில் தொங்குவது பிடிக்கவில்லை என்றால் முன்னால் கொண்டுவாருங்கள்: ‘தி டிகிரி டு விச் ஐ அஸ்பயர்’. ஆனால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ‘டு’ போட்டுவிடாதீர்கள். ஜாக்கிரதைக்காரர்கள் செய்கிற தப்பு அது.

இந்த நுணுக்கத்தை எந்த வகுப்பில் சொல்லித்தருகிறார்கள்? ‘ஃபில் இன் தி பிளாங்க்ஸ்’ என்று கோடு போட்டு, கைடில் இருக்கும் நாற்பது ப்ரிப்போசிஷனை நெட்டுரு போட வைத்ததோடு சரி. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு பேப்பர் திருத்தும் முகாமில் இதே கேள்வி வந்தது. ‘டு’ என்று எழுதிய பிள்ளைக்கு மார்க் இல்லை, விடைக்குறிப்பில் ‘ஃபார்’ என்று இருந்தது. எழுந்துபோய்ச் சொன்னேன். “கீயில என்ன இருக்கோ அதுக்கு மார்க் போடுங்க சார், டீ ஆறுது” என்றார் மேலே உட்கார்ந்திருந்தவர். அன்றைக்கு ‘ஃபார்’ எழுதி ஒரு மார்க் வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று மாஸ்டர்களோ!

இன்னும் சில, சுருக்கமாக. ‘ஆசைப்படுகிறேன்’ என்பதில் ‘கிறேன்’ இருப்பதால் ‘ஆம் அஸ்பயரிங்’ என்று எழுதத் தோன்றும். லட்சியம் நாள்தோறும் இருப்பது, ‘ஐ அஸ்பயர்’ போதும். அப்புறம், இங்கிலீஷில் அவரவர்தான் அஸ்பயர் செய்ய முடியும். ‘ஐ அஸ்பயர் மை சன் டு பிகம் எ டாக்டர்’ என்று ஒரு அப்பா எழுத முடியாது. அங்கே ‘வான்ட்’தான். நம் ஊர் அப்பாக்களுக்கு இது கஷ்டம்தான். சொல்லும் கொஞ்சம் கனமானது. அண்ணன் மகள் காதுகுத்துக்கு லீவு கேட்டு ‘ஐ அஸ்பயர் டு அட்டெண்ட்’ என்று எழுதிய ஒரு பையனை எனக்குத் தெரியும்.

கடைசியாக அந்த மாஸ்டர் விஷயம். கும்பகோணத்திலிருந்து பட்டுக்கோட்டை வரை பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு மாடியில் ‘30 நாளில் சரளமாக’ போர்டு தொங்குகிறது. டெல்டா நாக்குக்கு இங்கிலீஷ் வராது என்று பயமுறுத்தித்தான் ஃபீஸ் வாங்குகிறார்கள். இங்கிலீஷ் பேச்சுக்கு வெள்ளி நாக்கு என்று பெயரெடுத்த சீனிவாச சாஸ்திரி பிறந்தது இதே டெல்டாவின் வலங்கைமானில், 1869-ல். எஸ்.ஓ.பி. எழுதித்தருபவர்கள் இந்த மாஸ்டர்களுக்கும் ஒரு படி மேல். ஒரே டெம்ப்ளேட்டில் பெயரை மட்டும் மாற்றி நூறு பேருக்கு விற்பார்கள். அந்த நூறில் இரண்டு ஒரே மேஜைக்குப் போனால் இரண்டும் குப்பைக்கூடைக்குத்தான். யாரையாவது திருத்தச் சொன்னால், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். காரணம் சொல்லத் தெரியாதவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் முதல் வரி ‘ஐ அஸ்பயர் டு பிகம் எ ரைஸ் சயின்டிஸ்ட்’ என்று இருக்கட்டும். மூன்றாம் பத்தியில் விட்டுப்போன ‘டு’வைச் சேர்த்துவிடுங்கள். அந்த 1,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டு எழுதுவதாக இருந்தால், அங்கே ‘ஐ வான்ட்’ போதும்.