விலா தெரியும் நாய்

ஐயா,

தீபாவளிக்கு மறுநாள் காலை எங்கள் அடுக்ககத்தில் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சிப்பிப்பாறை நாய் நடுங்கியபடி பதுங்கிக் கிடந்தது. கழுத்தில் பட்டை இருக்கிறது, பெயர் இல்லை. குடியிருப்பு வாட்ஸப் குழுவில் படம் போட்டேன். “எலும்பும் தோலுமாக வைத்திருக்கிறார்கள், திருப்பிக் கொடுப்பதே பாவம்” என்கிறார்கள் சிலர். “குழந்தைகள் இருக்கிற இடத்தில் நாயா?” என்கிறார்கள் வேறு சிலர். உரியவரைத் தேடிக் கொடுப்பதா, நானே வைத்துக்கொள்வதா?

கி., மடிப்பாக்கம்

அன்புள்ள கி.,

தீபாவளி வந்தாலே எனக்கு எங்கள் செவலையின் நினைப்புதான். அதுவும் சிப்பிப்பாறை.

முதலில் அந்த ‘எலும்பும் தோலும்’. சிப்பிப்பாறை அப்படித்தான் இருக்கும் ஐயா! முயல் விரட்டுகிற உடம்பு அது. நெஞ்சு இறங்கி, வயிறு ஒட்டி, விலாவை எண்ணலாம். கொழுத்த சிப்பிப்பாறையைக் கண்டால் விருதுநகர்ப் பக்கம் சிரிப்பார்கள். (2005இல் தபால்துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, இதற்கு அந்த யோகம் இல்லை.) லாப்ரடாரைத் தவிர வேறு நாயைப் பார்த்திராதவர்கள், வெடிக்கு மிரண்டு ராத்திரி முழுக்க ஓடி, சாக்கடையில் விழுந்து எழுந்து வந்த ஒன்றைப் பார்த்து, வளர்த்தவரின் யோக்கியதையை எடைபோடுகிறார்கள். அந்தக் குழுவில் ஓடுகிற பேச்சு காதில் விழுந்தால் நாயைத் தொலைத்தவர் எப்படி வருவார்? வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போவார்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, கம்பி மத்தாப்பு வாங்க ஓடிய அவசரத்தில் கேட்டைச் சாத்தவில்லை. செவலை போய்விட்டது. அம்மா கேட்டதற்கு, “அதுவா தாண்டிப் போச்சு” என்றேன். நான்காம் நாள் விடியற்காலையில் பால்காரர் தன் துண்டை அதன் கழுத்தில் கட்டி, சைக்கிளோடு நடத்திக் கூட்டிவந்தார். பாதத்தில் தோல் உரிந்திருந்தது. வால் நுனியில் சிவப்பு வெடித்தாள் ஒட்டியிருந்தது. அவரிடமும் அதே பொய்யைச் சொல்லத் தயாராக நின்றேன். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. “முடிச்சு இறுகிக் கிடக்கு தம்பி, மெதுவா அவுரு” என்றார்.

அந்த மனிதர் உங்கள் குழுவில் இருந்திருந்தால் அவரையும் நாய்த் திருடன் என்றிருப்பார்கள்.

குழந்தைகள் விஷயம்: தடுப்பூசி போட்டதா என்று தெரியாத நாய், விலகி இருக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் தோலுக்கடியில் அடையாளச் சிப் இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பார். இருந்தால் 15 இலக்க எண் வரும், அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தேடலாம். படத்தில் ஏதாவது ஓர் அடையாளத்தை மறைத்துவிடுங்கள், வருகிறவர் அதைச் சொல்லட்டும்.

நீங்களே வைத்துக்கொள்வதா என்று கேட்டீர்களே, அதில் கொஞ்சம் ஆசையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குப் புரிகிறது. ஆனாலும் கூடாது.

இவ்வளவு எழுதினீர்கள். அது சாப்பிட்டதா என்று ஒரு வரி எழுதவில்லையே?