பிரிண்டர் பெயர் காட்டுகிறது, தாள் வரவில்லை

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். எச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டரை யூஎஸ்பி கேபிளில் இணைத்தால் பெயர் சரியாகக் காட்டுகிறது. பிரிண்ட் கொடுத்தால் 'முடிந்தது' என்று வருகிறது, ஆனால் ஒரு பக்கம்கூட அச்சாவதில்லை. புது பிரிண்டர் வாங்க வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். பெயர் திரையில் வருகிறது என்றாலே கேபிளும் போர்ட்டும் நன்றாக இருக்கின்றன. மின்ட்டை மறுபடி போடுவதாலும் எதுவும் மாறாது.

விஷயம் பிரிண்டரின் அமைப்பில் இருக்கிறது. பெரும்பாலான பிரிண்டர்கள் தங்களை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை உள்ளேயே நிரந்தரமாக வைத்திருக்கும். 1020-இல் அது கிடையாது. ஸ்விட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அதை அனுப்பி வைக்க வேண்டும். 1018-உம் இப்படித்தான். விண்டோஸில் இந்த வேலையை டிரைவரே பார்த்துக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. லினக்ஸில் அச்சுப் பணிகளைக் கவனிக்கும் கப்ஸ், ஃபர்ம்வேர் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் பக்கத்தை அனுப்பிவிட்டு 'முடிந்தது' என்று குறித்துக்கொள்ளும். பக்கத்தைப் பெற்ற பிரிண்டர் அப்படியே சும்மா இருக்கும்.

அந்த ஃபர்ம்வேரை மின்ட் ஏன் கூடவே தரவில்லை? லினக்ஸுக்கான எச்பி டிரைவர் தொகுப்பான எச்பிலிப் திறந்த மூலம்தான். ஃபர்ம்வேர் வருகிற பிளகின் என்ற கூடுதல் தொகுப்பு மட்டும் எச்பியின் தனியுரிமை. அதனால் அதை நாமே தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. மின்ட் தானாகச் சேர்த்த பிரிண்டரை அமைப்புகளில் போய் நீக்கிவிடுங்கள். பல சமயம் அது ஃபூ2இசட்ஜேஎஸ் (foo2zjs) என்ற வேறு டிரைவரில் அமைந்திருக்கும். சாஃப்ட்வேர் மேனேஜரில் எச்பிலிப்-குயி (hplip-gui) என்று தேடி நிறுவுங்கள். அப்புறம் பிரிண்டரை ஆன் செய்து, இடையில் யூஎஸ்பி ஹப் இல்லாமல் நேராகக் கணினியில் சொருகி, கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் எச்பி-செட்டப் (hp-setup) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், நடுவே கோடு போட்டு, இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். முன்னால் நிர்வாகி அனுமதிக்கான சுடோ சேர்க்க வேண்டாம், பாஸ்வேர்டு தேவைப்படும் இடத்தில் அதுவே கேட்கும். திறக்கும் சாளரத்தில் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுத்தால், பிளகின் வேண்டுமென்று கேட்டு இறக்கிக்கொள்ளும். இதற்கு இணைய இணைப்பு இருக்க வேண்டும்.

முடிந்ததும் பிரிண்டரை அணைத்துச் சில நொடி கழித்துப் போடுங்கள். வழக்கமான தொடக்கச் சத்தம் அடங்கியபின் மோட்டார் மறுபடி ஒருமுறை சுழன்றால், ஃபர்ம்வேர் ஏறிவிட்டது என்று அர்த்தம். சோதனைப் பக்கம் எடுத்துப் பாருங்கள்.

அப்போதும் வராவிட்டால், எந்த டிரைவர் பொருந்தியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து 631 சேருங்கள். அதுதான் கப்ஸின் நிர்வாகப் பக்கம், உங்கள் கணினிக்குள்ளேயே இருப்பது. அங்கே பிரிண்டரைத் திறந்தால் டிரைவரின் பெயர் தெரியும். எச்பிகப்ஸ் (hpcups) என்று இருக்க வேண்டும். ஃபூ2இசட்ஜேஎஸ் என்று இருந்தால் அதே பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

பலர் சிக்குவது சில மாதம் கழித்துத்தான். பிளகினின் பதிப்பும் எச்பிலிப்பின் பதிப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மின்ட்டைப் பெரிய பதிப்புக்கு உயர்த்தும்போது எச்பிலிப் புதிதாகும், பிளகின் பழையதாகவே நிற்கும். நேற்றுவரை ஓடிய பிரிண்டர் திடீரென்று ஊமையாகிவிடும். அப்போது எதையும் நீக்க வேண்டாம். டெர்மினலில் எச்பி-பிளகின் (hp-plugin) என்று தட்டினால், பொருத்தமான பதிப்பு இறங்கிவிடும்.

என்றைக்காவது வேறு பிரிண்டர் வாங்குவதாக இருந்தால், ஏர்பிரிண்ட் வசதி உண்டா என்று பார்த்து வாங்குங்கள். அந்த வகைக்குக் கப்ஸ் தனி டிரைவரே கேட்காது. 1020-ஐப் பொறுத்தவரை, டோனர் கிடைக்கிறவரை தாராளமாக வைத்து ஓட்டலாம்.